திரும்பாத தலை

ஸ்கேன் அறையின் சுவரில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது, சொல்வது குற்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை அது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இன்னொன்றைச் சொன்னார்: "தலை இன்னும் மேலேயே இருக்கிறது."

அன்று 2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை. பிள்ளையார் சதுர்த்திக்கு மூன்று நாள்தான் பாக்கி. புனேயின் புறநகர்த் தெருவில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. படுத்திருந்தவளுக்கு வயது 29. கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்குச் சாக்கன் தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை. முதல் பிரசவம். அன்றோடு 36 வாரம் முடிந்திருந்தது.

ஏழாம் மாதத்தில் டோஹாளே ஜேவண் நடந்தது. மசக்கைக்காரிக்கு மராத்தியர்கள் வைக்கும் விருந்து அது. இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றில் பேடாவும் மற்றொன்றில் பர்பியும் மறைத்து வைப்பார்கள். பேடா கிடைத்தால் ஆண், பர்பி கிடைத்தால் பெண். அவள் திறந்த கிண்ணத்தில் பேடா இருந்தது. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஆணா பெண்ணா என்று ஊரே கேட்டது. தலை எந்தப் பக்கம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்போது கேட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஏழாம் மாதத்தில் ஐந்தில் ஒரு குழந்தையாவது தலை மேலே, பிட்டம் கீழே என்றுதான் இருக்கும். இடம் இருக்கும்வரை அது நீந்தும், புரளும். மாதம் நிறையும்போது பெரும்பாலானவை தாமாகவே தலைகீழாகிவிடும். மிஞ்சுவது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு. பனிக்குட நீர் அதிகமாகவோ குறைவாகவோ இருப்பது, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கர்ப்பப்பையின் அமைப்பு, நார்த்திசுக் கட்டி, இரட்டைக் குழந்தை என்று காரணங்களைப் பட்டியல் போடுவார்கள். பல பேருக்குப் பட்டியலில் உள்ள எதுவும் இருக்காது. அவளுக்கும் இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் நர்சிங் ஹோமில் பேச்சு மூன்று நிமிடத்தில் முடிந்தது. "சிசேரியன்தான். தேதியை மட்டும் வீட்டில் கலந்துகொண்டு சொல்லுங்கள்." திருப்ப முடியுமா என்று அவள் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

வீட்டில் பஞ்சாங்கம் இறங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அனந்த சதுர்த்தசி, பிள்ளையாரைக் கரைக்கும் நாள். மறுநாளே பித்ரு பட்சம் தொடங்கிவிடுகிறது. முன்னோருக்குப் பிண்டம் வைக்கும் அந்தப் பதினைந்து நாளும் நல்ல காரியம் எதையும் செய்யமாட்டார்கள். புதுத் துணிகூட வாங்கமாட்டார்கள். டாக்டர் கணக்கிட்டிருந்த பிரசவத் தேதியோ அக்டோபர் 14. அன்றைக்குத்தான் சர்வபித்ரு அமாவாசை. ஆகவே 27ஆம் தேதி புதன்கிழமை என்று மாமியார் முடிவு செய்தார். நர்சிங் ஹோமும் சரி என்றது.

27ஆம் தேதி என்றால் 37 வாரமும் நான்கு நாளும். பஞ்சாங்கத்தில் அந்தக் கணக்கு இல்லை. வலி வருவதற்கு முன்பே, 39 வாரம் நிறையாமல் சிசேரியன் செய்து எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். பத்து நாள் முன்னே பின்னே என்பது பெரியவர்களுக்குச் சிறிய கணக்கு. நுரையீரலுக்கு அப்படி இல்லை.

செய்தி பரவியதும் தொலைபேசி ஓயவில்லை. சதாரா மாவட்டக் கிராமத்திலிருந்து அவள் அம்மா பேசினார். அங்கே கைராசிக்காரியான சுயீண் ஒருத்தி இருக்கிறாள். சுயீண் என்றால் மராத்தியில் மருத்துவச்சி. எண்ணெய் போட்டு நீவி இரண்டே நாளில் திருப்பிவிடுவாளாம். யோகா வகுப்பு ஆசிரியை, முழங்காலும் மார்பும் தரையில் படக் குனிந்து, இடுப்பைத் தூக்கிக் கால் மணி நேரம் இருக்கச் சொன்னார். அடிவயிற்றில் டார்ச் அடித்தால் வெளிச்சத்தைத் தேடித் தலை கீழே வரும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கணவரின் நண்பர் சீன வைத்தியத்தைச் சொன்னார். மாசிபத்திரி இனத்து மூலிகையைச் சுருட்டாக உருட்டிப் பற்றவைத்து, கால் சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தில் சூடு காட்ட வேண்டும்.

கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். பழைய பேரேட்டுத் தாளில் கோடு போட்டு, சொன்னவர் பெயர், சொன்ன வழி, என்ன ஆதாரம் என்று மூன்று பத்தி எழுதினாள். மூன்றாவது பத்தி காலியாகவே இருந்தது.

வங்கியில் உடன் வேலை செய்பவரின் அக்கா, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்தான், "எங்கள் டாக்டரம்மாவைப் பார். திருப்பத் தெரிந்தவர்" என்றார். 18ஆம் தேதி திங்கட்கிழமை, நீண்ட வரிசையில் நின்று அவரைப் பார்த்தாள். ஐம்பது வயதைக் கடந்த அந்த டாக்டர் பேரேட்டுத் தாளை வாங்கிப் படித்தார். சிரிக்கவில்லை. காலியாக இருந்த பத்தியை அவரே நிரப்பத் தொடங்கினார்.

குனிந்து கிடப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதனால் திரும்புகிறது என்பதற்கு ஆதாரமும் இல்லை. டார்ச் வெளிச்சமும் அப்படியே. மூலிகைச் சூட்டைப் பற்றி 1998ல் ஓர் ஆய்வு வந்தது. சீனாவில் 260 பெண்களிடம் நடத்தப்பட்டது. சூடு காட்டிய 130 பேரில் 98 பேருக்கு 35ஆம் வாரத்தில் தலை கீழே வந்திருந்தது. சூடு காட்டாத 130 பேரில் 62 பேருக்குத்தான். பிறகு மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் அந்த அளவுக்குப் பலன் காட்டவில்லை. முயன்று பார்க்கலாம், ஆனால் 33லிருந்து 35 வாரத்துக்குள், தெரிந்தவர் மேற்பார்வையில். "உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது" என்றார் டாக்டர். சுயீண் பெயருக்கு எதிரே மட்டும் அழுத்தமாக 'கூடாது' என்று எழுதினார். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று அறியாத கை வயிற்றை அமுக்கினால் கொடி பிய்ந்துகொள்ளலாம். உள்ளே குழந்தையின் இதயம் தளர்ந்தால் அந்தக் கைக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பவை மூன்று வழிகள் என்றார்.

முதலாவது, வெளியிலிருந்து கையால் திருப்புவது. டாக்டர்கள் சுருக்கமாக இ.சி.வி. என்பார்கள். முதல் பிரசவமானால் 36 வாரத்துக்குப் பிறகு, அடுத்தடுத்த பிரசவமானால் 37க்குப் பிறகு. முதல் பிள்ளைக்காரிகளில் பத்தில் நான்கு பேருக்குத் திரும்பும். முன்பே பெற்றவர்களுக்கு வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும், ஆகவே பத்தில் ஆறு. திருப்பும்போதோ உடனேயோ அவசரமாக ஆபரேஷன் செய்ய நேர்வது இருநூறில் ஒருவருக்கு. நஞ்சுக்கொடி வழியை அடைத்திருந்தால், அண்மையில் உதிரம் பட்டிருந்தால், நீர்க்குடம் உடைந்திருந்தால், குழந்தையின் இதயத்துடிப்பில் கோளாறு தெரிந்தால் இதைத் தொடக்கூடாது.

இரண்டாவது, 39 வாரம் நிறைந்தபின் சிசேரியன். மூன்றாவது, பிட்டம் முன்னே வரும் நிலையிலேயே சுகப்பிரசவம். இங்கே டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 26 நாடுகளில் 2,088 பெண்கள். முன்கூட்டித் திட்டமிட்டுச் சிசேரியன் செய்தவர்களின் குழந்தைகளில் 1.6 சதவீதம் இறந்தன அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் அது 5 சதவீதம். பல நாடுகளில் ஒரே இரவில் என்பதுபோல எல்லோரும் கத்தியைக் கையில் எடுத்தார்கள். 2004ல், அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2006ல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும், கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பிரசவம் பார்த்த இடங்களில் ஆபத்து அவ்வளவு இல்லை என்று தெரிந்தது. பிரிட்டனின் ராயல் கல்லூரி 2017ல் கொடுத்த கணக்கு இது: 39 வாரத்துக்குப் பின் சிசேரியன் என்றால் ஆயிரத்துக்கு அரை உயிர் போகும். தலை முன்னே வரும் சுகப்பிரசவத்தில் ஒன்று. பிட்டம் முன்னே வரும் சுகப்பிரசவத்தில் இரண்டு.

"ஆனால் அது கை பழகியவர்கள் பார்த்தால். என் மாணவர்கள் இப்படி ஒரு பிரசவத்தை அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள். பார்க்காததை எப்படிச் செய்வார்கள்?" என்றார் டாக்டர்.

இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. வெளியே வரிசை முணுமுணுத்தது.

நர்சிங் ஹோமில் ஏன் இதைச் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அவர் யாரையும் திட்டவில்லை. திருப்புவதென்றால் அரை நாள் போய்விடும். பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் தயாராக இருக்க வேண்டும். ஒன்றும் நடக்காமல் போனால் குற்றம் இல்லை, ஏதாவது நடந்தால் திருப்பிய கைதான் குற்றவாளி. சிசேரியனுக்கு அந்தக் கவலை இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு வேற்றுமையைக் காட்டுகிறது. நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 14.3, தனியார் மருத்துவமனைகளில் 47.4. தலை திரும்பாத குழந்தைகள் இந்தக் கணக்கில் ஒரு சிறு பங்குதான். ஆனால் முதல் சிசேரியன் அடுத்த பிரசவத்தையும் தொடும். தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடும்.

திருப்பிப் பார்க்கலாம் என்று அவள் தீர்மானித்தாள். கணவர் தலையாட்டினார். மாமியார் ஒரே சொல்லில் மறுத்தார்: "வேண்டாம்."

காரணம் கேட்டால் சொல்லவில்லை. பஞ்சாங்கம்தான் காரணம் என்று வீடு நினைத்துக்கொண்டது. 22ஆம் தேதி கௌரி பூஜை. பதினாறு காய்கறிக் கூட்டும் பூரண போளியும் செய்து, வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுத்து அனுப்பிய பின், அடுப்படியில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். பாத்திரத்தைத் துடைத்தபடியே மாமியார் சொன்னார்.

1979. சோலாப்பூர் மாவட்டக் கிராமம். அவருக்கு வயது 19. முதல் பிள்ளை. தலை திரும்பவில்லை என்று சுயீண் இரண்டு இரவு எண்ணெய் போட்டு வயிற்றை உருட்டினாள். "நிறுத்து என்று கத்தினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள்." மூன்றாம் நாள் கால் வந்தது. உடம்பு வந்தது. தலை வரவில்லை. வண்டி கட்டித் தாலுகா ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை. தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது அவர் மகனுக்கு இன்றுவரை தெரியாது.

கால் முன்னே வந்து பிறந்தவர்களை மராத்தியில் பாயாளு என்பார்கள். பூமிக்குள் இருக்கும் புதையல் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் என்றும், இடி அவர்களைத் தேடி விழும் என்றும் நம்பிக்கை. "பிழைத்திருந்தால் பாயாளு ஆகியிருப்பான், புதையல் காட்டியிருப்பான் என்று துக்கம் கேட்க வந்தவள் ஒருத்தி சொன்னாள். எனக்கு எந்தப் புதையலும் வேண்டியிருக்கவில்லை."

மருமகள் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஆயி, நீங்களும் வாருங்கள். அந்தக் கையைப் பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், எழுந்து வந்துவிடுகிறேன்."

25ஆம் தேதி திங்கட்கிழமை, காலை. 37 வாரமும் இரண்டு நாளும். முதலில் ஸ்கேன். குழந்தையின் இரண்டு கால்களும் நேராக மேலே நீட்டி, பாதம் முகத்தருகில் இருந்தது. நஞ்சுக்கொடி பின்பக்கம், நல்ல இடம். நீரும் போதுமான அளவு. பிறகு அரை மணி நேரம் வயிற்றில் பட்டை கட்டி இதயத்துடிப்பைத் தாளில் ஓட்டினார்கள். ரத்த வகை ஓ பாசிட்டிவ். நெகட்டிவாக இருந்தால் பின்னால் ஓர் ஊசி போட வேண்டியிருக்கும், இவளுக்குத் தேவையில்லை. கர்ப்பப்பை தளர டெர்புடலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் அவள் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"ஆஜி, இங்கே தலைமாட்டில் நில்லுங்கள்" என்று டாக்டர் மாமியாரைக் கூப்பிட்டார். ஆஜி என்றால் பாட்டி.

வயிற்றில் ஜெல் தடவி, ஒரு கையால் பிட்டத்தை இடுப்புக் குழியிலிருந்து மேலே தூக்கினார். இன்னொரு கை தலையின் பின்புறம். குட்டிக்கரணம் போட வைப்பதுபோல முன்பக்கமாகத் தள்ளினார். அவள் பல்லைக் கடித்தாள். வலி என்பதைவிட, உள்ளே ஒருவரை வெளியே இருந்து ஒருவர் தள்ளும் விசித்திரம். குழந்தை கால்வாசி நகர்ந்தது. டாக்டர் கையை எடுத்தார். ஸ்கேன். துடிப்பு சரி. மறுபடி. குறுக்கே வரை வந்து, நழுவிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. நீட்டிய கால்கள் முட்டுக் கொடுத்ததுபோல் நின்றன. மறுபடி ஸ்கேன். துடிப்பு 140லிருந்து 90க்கு இறங்கியிருந்தது.

அறையில் யாரும் பேசவில்லை. அவளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். கதவுக்கு அப்பால் தியேட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 90. 100. 120. ஒரு நிமிடத்துக்குள் பழையபடி 140.

மூன்றாம் முறை முயலலாமா என்று பயிற்சி டாக்டர் கேட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"போதும்" என்றார்.

மாமியார் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் மீண்டும் துடிப்பை ஓட்டிப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் அவள் அழுதாள். பத்தில் நான்கு பேரில் தான் இல்லை என்பதற்காக. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் சொன்னார்: "அவளுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது."

இரண்டு கைகளுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். ஸ்கேனும் துடிப்புத் தாளும் பக்கத்துத் தியேட்டரும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கைக்குச் சொல்வதற்காக இருக்கின்றன. திருப்பும் வித்தை 1979லும் இருந்தது. நிறுத்துவதற்கு வழிதான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நர்சிங் ஹோமுக்குத் தொலைபேசி செய்து 27ஆம் தேதியை ரத்து செய்தது மருமகள் அல்ல, மாமியார். இனி இருந்தவை இரண்டு வழிகள். முதல் பிரசவம், கை பழகியவர் எந்த நேரமும் இருப்பார் என்ற உறுதி இல்லை. எல்லாம் யோசித்து அவளே சிசேரியனைத் தேர்ந்தெடுத்தாள், 39 வாரம் நிறைந்தபின். அதற்கு முன் வலி கண்டால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடிவு முதல் நாள் நர்சிங் ஹோமில் சொன்ன முடிவேதான். ஆனால் அன்று அது அவளுக்குச் சொல்லப்பட்டது. இன்று அவள் சொன்னாள்.

தேதி அக்டோபர் 9. பித்ரு பட்சத்தின் நடுவில். அக்கம்பக்கத்துப் பெண்கள் முகம் சுளித்தபோது மாமியார் கேட்டார்: "செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாளில் உயிரோடு ஒரு ஜீவன் வந்தால் என்ன குறை?"

பெண் குழந்தை. எடை 2 கிலோ 800 கிராம். பிறந்ததும் அழுதது, மூச்சு சீராக இருந்தது. பேடாக் கிண்ணம் பொய்யாகிவிட்டது. மகன் தொழிற்சாலையில் பர்பி வழங்கினார். சில நாட்களுக்குக் கால்கள் கர்ப்பத்தில் இருந்தபடியே முகத்தை நோக்கி மடங்கிக் கிடந்தன. பயப்பட வேண்டாம், இறங்கிவிடும் என்றார்கள், இறங்கியது. பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவியிருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். ஆகவே ஆறாம் வாரத்தில் இடுப்பை ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தார்கள். மூட்டுகள் சரியாக இருந்தன.

அந்தப் பேரேட்டுத் தாள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது பத்தியில் டாக்டரின் கையெழுத்து. அதன் அடியில் அவள் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'இதை முதலிலேயே கேட்கவேண்டும், 33 வாரத்தில்.' வங்கியில் யார் கர்ப்பமானாலும் அந்தத் தாளின் நகல் ஒன்று அவர் மேஜைக்குப் போகிறது.

குளிப்பாட்டும்போது பாட்டி முதலில் பிடிப்பது குழந்தையின் பாதங்களை. மகன் இப்போது காரணம் கேட்பதில்லை. அவருக்கும் சொல்லிவிட்டார்கள்.